லொகேயோன்: போனுக்குள் ஒரு கிரேக்க அகராதி அலமாரி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிரேக்கம் படிக்க ஆசைப்பட்டு, எந்த அகராதி வாங்கலாம் என்று யோசித்துக்கொண்டிருப்பவர்கள் பர்ஸை உள்ளே வைத்துவிட்டு லொகேயோனைப் போனில் இறக்கிக்கொள்ளுங்கள். இலவசம். சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஹெல்மா டிக் என்ற பேராசிரியர் முன்னின்று 2011 முதல் நடத்திவரும் வேலை இது. ஒரு சொல்லைத் தட்டினால் அதைப் பற்றி ஏழெட்டு அகராதிகள் சொல்வது ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து நிற்கும். அதில் தலைமகன் லிடல்-ஸ்காட்-ஜோன்ஸ் அகராதி. கிரேக்கம் படிக்கிறவர்கள் அதை எல்.எஸ்.ஜே. என்பார்கள்.

அப்புறம் ஏன் இவ்வளவு நீளமாக எழுதுகிறாய் என்று கேட்டால், இறக்கிக்கொள்வது சுலபம், படிக்கத் தெரிவதுதான் பாடு.

பாளையங்கோட்டையில் என் வீட்டில் சனிக்கிழமை சாயங்காலம் புதிய ஏற்பாட்டுக் கிரேக்க வகுப்பு நடத்துகிறேன். பெரிய கூட்டமெல்லாம் இல்லை. இரண்டு உபதேசியார்கள், தபால் ஆபீஸில் ரிட்டையர் ஆன ஒரு அண்ணாச்சி, மருந்துக்கடையில் வேலை பார்க்கும் ஒரு பையன். எல்லாரிடமும் இந்தச் செயலிதான். அந்தப் பையன் ஒருநாள் போனை நீட்டினான்.

“டீச்சர், இதுல குடியிருக்கிறவன்னும் போட்டிருக்கு, குடியேறினவன்னும் போட்டிருக்கு. ஊர்க்காரனும் வந்தேறியும் எப்படி டீச்சர் ஒரே ஆளா இருக்க முடியும்?”

அவன் காட்டிய சொல் ‘கத்தொய்கோஸ்’. நல்ல கேள்வி. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்களே, இந்த விமரிசனத்துக்கு அந்தச் சொல்லையே எடுத்துக்கொள்கிறேன்.

‘ஒய்கோஸ்’ என்றால் வீடு, குடும்பம், வீட்டுச் சொத்து எல்லாம் சேர்ந்தது. அதன் முன்னால் ஒட்டு மாற மாற ஆள் மாறுவான். ‘கத்தா’ சேர்ந்தால் ஓர் இடத்தில் இறங்கி நிலைத்தவன், அதுதான் கத்தொய்கோஸ். எல்.எஸ்.ஜே.யில் இந்தச் சொல்லுக்கான பதிவு சின்னது. ஆங்கிலத்தில் ‘குடியிருப்பவர்’ என்று ஒரு பொருள், பிறகு ‘படைக் குடியேறி’ என்று இன்னொன்று. நாலைந்து சொல்லில் முடிந்துவிடும். மிச்சமெல்லாம் சுருக்கெழுத்து: ஒரு ஆசிரியர் பெயரின் முதல் இரண்டு மூன்று எழுத்து, ஒரு எண், இன்னொரு எண். வகுப்பில் எல்லாரும் பொருளை மட்டும் பார்த்துவிட்டு அந்தச் சுருக்கெழுத்துக் காட்டைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். சரக்கு முழுவதும் அந்தக் காட்டில்தான் இருக்கிறது.

கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியோஸ், 5ஆம் புத்தகம், 65ஆம் பகுதி என்று ஒரு குறிப்பு. போய்ப் பார்த்தால் கி.மு. 217. எகிப்தை ஆண்ட நாலாம் தாலமிக்கும் சிரியாவை ஆண்ட மூன்றாம் அந்தியோகஸுக்கும் காசாவுக்குத் தெற்கே ராஃபியாவில் நடந்த சண்டை. அதற்கு எகிப்து தரப்பு ஆள் சேர்த்த கணக்கை பொலிபியோஸ் வரிசையாகச் சொல்கிறார். திரேசியரும் கலாத்தியரும் கொண்ட ஒரு பிரிவில் ‘கத்தொய்கோய்களிலிருந்தும் அவர்கள் பிள்ளைகளிலிருந்தும்’ வந்தவர்கள் ஏறக்குறைய 4,000 பேர் (கத்தொய்கோஸ் ஒருமை, கத்தொய்கோய் பன்மை; மற்ற சொற்களுக்கும் இப்படித்தான்). புதிதாகத் திரட்டியவர்கள் 2,000 பேர். பையன் கேட்ட கேள்விக்குப் பாதி பதில் இந்த வரியிலேயே கிடைக்கிறது. இவர்கள் வெளியூரிலிருந்து வந்தவர்கள்தான். ஆனால் வந்து பிள்ளை குட்டி பெற்று, அந்தப் பிள்ளைகளும் படைக்குப் போகிற வயதுக்கு வளர்ந்துவிட்டார்கள். புதிதாக வந்த 2,000 பேர் பக்கத்தில் நிற்கும்போது இவர்கள் பழைய ஆட்கள், உள்ளூர் ஆட்கள்.

அடுத்த குறிப்பு டெப்டுனிஸ் என்ற எகிப்திய ஊரில் கிடைத்த பாப்பிரஸ் ஏடுகள், அதாவது நாணலில் செய்த பழைய காகிதம். இந்த இடத்தில் நான் எப்போதும் வகுப்பை நிறுத்திவிட்டுக் கதை சொல்லத் தொடங்கிவிடுவேன், அண்ணாச்சி மணியைப் பார்ப்பார். 1900ஆம் ஆண்டு ஜனவரியில் எகிப்தின் ஃபயூம் பகுதியில் கிரென்ஃபெல், ஹன்ட் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் மனிதக் கல்லறை தேடித் தோண்டிக்கொண்டிருந்தார்கள். அகப்பட்டதெல்லாம் முதலை. வரிசை வரிசையாகப் பாடம் செய்து புதைத்த முதலைகள், அந்த ஊர்த் தெய்வம் முதலை முகம் கொண்டது என்பதால். வெறுத்துப்போன கூலியாள் ஒருவர் ஒன்றைப் போட்டு உடைத்தார். உள்ளே சுற்றியிருந்தது பழைய ஆபீஸ் காகிதம்.

காகிதம் யாருடையது? பக்கத்தில் இருந்த கெர்கெயோசிரிஸ் என்ற கிராமத்தின் கணக்கர் மென்கேஸ் என்பவருடையது. கி.மு. 120ஐ ஒட்டிய வருஷங்கள். யாருக்கு எவ்வளவு நிலம், எந்த நிலத்தில் என்ன பயிர், தண்ணீர் ஏறாமல் கெட்டது எவ்வளவு என்று நம் ஊர் அடங்கல் பதிவேடு மாதிரியே எழுதி வைத்திருக்கிறார் மனிதர். அதில் ‘கத்தொய்கோய் குதிரைவீரர்’ என்று ஒரு வகை. இவர்களுக்குப் பேரளவில் 100 அரூரா வரைக்கும் நிலம். அரூரா என்பது ஒரு ஏக்கரில் முக்காலுக்குச் சற்றுக் குறைவு. ஆக 68 ஏக்கர். நடைமுறையில் பல பேருக்கு அதில் பாதிகூட இல்லை என்பதும் அதே ஏட்டில் தெரிகிறது. அதே கிராமத்தில் ‘மாக்கிமோய்’ எனப்பட்ட எகிப்தியக் காலாட்களுக்கு 7 அரூரா, அதாவது ஐந்து ஏக்கருக்கும் குறைவு. ஒரே அரசனுக்கு ஊழியம், ஒரே ஊர், ஒரே வாய்க்கால் தண்ணீர்.

இதைப் படித்த பிறகு ‘கத்தொய்கோஸ்’ என்பதற்கு வெறுமனே ‘குடியிருப்பவர்’ என்று போட மனசு வருமா? நான் என் நோட்டில் ‘படைமானியக் குடி’ என்று எழுதிக்கொண்டேன். அரசன் நிலம் கொடுக்கிறான். ஆள் அதை உழுவித்துச் சாப்பிட்டுக்கொண்டு, கூப்பிட்டால் குதிரையோடு வரவேண்டும். நம் கல்வெட்டுகளிலும் படைப்பற்று என்று உண்டு. அதையே போட்டுவிடலாமே என்று உபதேசியார் ஒருவர் சொன்னார். அது நிலத்தின் பெயர், இது ஆளின் பெயர் என்பதால் விட்டுவிட்டேன்.

அப்புறம் என்ன ஆயிற்று என்பதையும் பாப்பிரஸ் ஏடுகள்தான் சொல்கின்றன. ரோமர்கள் வந்தார்கள், தாலமிகளின் படை கலைந்தது. பெயர் மட்டும் கலையவில்லை. ஃபயூமில் ‘ஆர்சினோய் மாவட்டத்துக் கிரேக்க ஆடவர் 6,475 பேரில் ஒரு கத்தொய்கோஸ்’ என்று தங்களை எழுதிக்கொள்ளும் ஒரு கூட்டம் உருவானது. 6,475 என்பது ஆளெண்ணிக்கைபோலத் தெரிந்தாலும் பட்டம்போல நின்றுவிட்டது. அந்த வகை நிலத்தை வாங்கினார்கள், விற்றார்கள், பெண்களும் வைத்திருந்தார்கள். குதிரையும் இல்லை, வாளும் இல்லை. மேல்தட்டுக் குடும்பம் என்பதற்கு ஒரு அடையாளம். வந்தேறி என்பதைக் குறித்த சொல் இரண்டு மூன்று நூற்றாண்டில் ஊர்ப் பெரிய வீட்டுக்காரர் என்பதைக் குறிக்க ஆரம்பித்துவிட்டது.

மூன்றாவது குறிப்பு கல்வெட்டு. இன்றைய துருக்கியில் உள்ள ஸ்மிர்னா நகரமும், சிப்பிலோஸ் மலையடியில் இருந்த மக்னேசியா என்ற ஊரில் குடியமர்த்தப்பட்ட படைவீரர்களும் கி.மு. 240களில் செய்துகொண்ட ஒப்பந்தம். அந்த வீரர்களைத்தான் கல்வெட்டு ‘மக்னேசியாவின் கத்தொய்கோய்’ என்கிறது. அவர்களுக்கு ஸ்மிர்னா குடியுரிமை தருகிறது, அவர்கள் அந்தியோகஸின் வம்சமான செலூக்கிய அரசனுக்கு விசுவாசமாக இருப்பதாகச் சத்தியம் செய்கிறார்கள். அப்படியானால் அதுவரை குடியுரிமை இல்லாமல்தான் இருந்திருக்கிறார்கள் என்பது தானே தெரிகிறதல்லவா. இந்தக் கல் இப்போது ஆக்ஸ்ஃபோர்டில் இருக்கிறது. எல்.எஸ்.ஜே. அச்சானதும் ஆக்ஸ்ஃபோர்டில்தான், அகராதிக்காரர்கள் தெருவைக் கடந்தால் போதும்.

ஆக, ஒரு சின்னப் பதிவில் மூன்று குறிப்பு, இரண்டு நாடு. அகராதி சொன்ன இரண்டு பொருளும் சரி. ஆனால் எந்த இடத்தில் எது என்பதை ஆண்டும் ஊரும்தான் முடிவு செய்யும். அந்த ஆண்டையும் ஊரையும் அகராதி சுருக்கெழுத்தில் ஒளித்து வைத்திருக்கிறது. இதுதான் எல்.எஸ்.ஜே.யின் குணம். புதிதாக வருகிறவர்களுக்கு எரிச்சல், பழகியவர்களுக்குப் புதையல்.

இப்போது செயலிக்கு வருகிறேன். வேற்றுமை ஏறிய சொல்லை அப்படியே போட்டாலும் மூலச் சொல்லைக் கண்டுபிடித்துக் கொடுக்கிறது. புதியவர்களுக்கு இதைவிடப் பெரிய உபகாரம் கிடையாது. நான் படித்த காலத்தில் ஒரு வினையின் வேர் எது என்று தேடவே ஒரு மணி நேரம் போகும். ஒரு சொல் எவ்வளவு அடிக்கடி வருகிறது, யார் அதிகம் எழுதியிருக்கிறார் என்ற புள்ளிவிவரமும் தருகிறது. இதில் மட்டும் ஜாக்கிரதை. அந்தக் கணக்கு பெரும்பாலும் இலக்கிய, வரலாற்று நூல்களை வைத்துப் போட்டது. முதலை வயிற்றுக் காகிதம் அதில் சேராது. கத்தொய்கோஸ் மாதிரி பத்திரங்களிலும் வரிக் கணக்குகளிலும் புழங்கிய சொல், இலக்கியக் கணக்கில் அபூர்வச் சொல்போலத் தோன்றும். பாப்பிரஸில் தேடவேண்டும் என்றால் பாப்பிரி டாட் இன்ஃபோ என்ற தளம் தனியாக இருக்கிறது. அதுவும் இலவசம்தான்.

இன்னொரு விஷயம், திரையில் வரிசையாக நிற்கும் அகராதிகளுக்கு வயது வேறு வேறு. மாணவர்களுக்காகச் சுருக்கிய ‘மிடில் லிடல்’ 1889ஆம் ஆண்டுப் பதிப்பு. டெப்டுனிஸ் ஏடுகளின் முதல் தொகுதி வெளிவந்தது 1902இல். அப்படியிருக்க மென்கேஸ் அதில் எப்படி இருப்பார்? பெரிய எல்.எஸ்.ஜே.யின் ஒன்பதாம் பதிப்பு 1925 முதல் 1940 வரை பகுதி பகுதியாக வந்தது. அதனால் அதில் இருக்கிறார். மாட்ரிட்டிலிருந்து வரும் கிரேக்க-ஸ்பானிஷ் அகராதியும் லொகேயோனில் உண்டு, எல்லாவற்றையும்விட விரிவானது. ‘அப்பொய்கோஸ்’ பார்க்க அதைத் திறந்தால், ஸ்பானிஷ் தெரியாத எனக்கே மேற்கோள்களை வைத்துப் பாதி புரிகிறது. ஆனால் 1980இல் முதல் தொகுதி வந்த அந்த அகராதி இன்னும் ஐந்தாம் எழுத்தான எப்சிலானைத் தாண்டவில்லை. பத்தாம் எழுத்தான கப்பாவில் தொடங்கும் கத்தொய்கோஸுக்கு என் ஆயுளில் முறை வருமோ என்னவோ.

அப்பொய்கோஸ் என்றேன் அல்லவா, அதையும் அதன் உடன்பிறப்புகளையும் ஒருசேரப் பார்த்தால்தான் கத்தொய்கோஸ் பிடிபடும். செயலியில் ஒரு சொல்லிலிருந்து அடுத்ததற்குத் தாவுவது விரல் நுனி வேலை. அச்சுப் புத்தகத்தில் ஐந்நூறு பக்கம் புரட்டவேண்டும்.

‘அப்போ’ என்றால் ‘இலிருந்து’. தாய் ஊரிலிருந்து பிரிந்து போனவன் அப்பொய்கோஸ். ‘எப்பி’ என்றால் ‘மேல்’. ஏற்கெனவே ஆள் இருந்த இடத்தில் மேற்கொண்டு போய் உட்காருகிறவன் எப்பொய்கோஸ். சில இடங்களில் ஒரே ஆளுக்கே இரண்டும் பொருந்தும். எந்தத் துறைமுகத்தில் நின்று பார்க்கிறோம் என்பதுதான் வித்தியாசம். வரலாற்றாசிரியர் துக்கிடிடெஸின் இரண்டாம் புத்தகம், 27ஆம் பகுதியை வகுப்பில் வாசித்தோம். கி.மு. 431, ஏதென்ஸுக்கும் ஸ்பார்ட்டாவுக்கும் பெலொப்பொன்னேசியப் போர் மூண்ட ஆண்டு. ஏதென்ஸ்காரர்கள் எதிரே தெரிந்த ஏகினா தீவின் மக்களைப் பெண்டு பிள்ளைகளோடு வெளியேற்றினார்கள். தங்கள் ஆட்களை எப்பொய்கோய்களாக அனுப்பி வைத்துக்கொள்வதே பத்திரம் என்று நினைத்தார்கள் என்று எழுதுகிறார். அடுத்த வாக்கியத்தில் கொஞ்ச நாளில் ‘ஒய்கேத்தோர்களை’ அனுப்பிவிட்டார்கள் என்கிறார். ஒய்கேத்தோர் என்பதற்கும் அகராதியில் குடியிருப்பவர், குடியேறி என்று இரண்டும் உண்டு. கப்பல் ஏறும் முன்னாலேயே அவர்களுக்குக் குடியிருப்பவர் பட்டம் கிடைத்துவிட்டது. நிஜமாகக் குடியிருந்த ஏகினாக்காரர்களுக்கு ஸ்பார்ட்டா தைரேயா என்ற இடத்தில் நிலம் கொடுத்தது. ஏழு வருஷம் கழித்து ஏதென்ஸ் படை அங்கேயும் போய் ஊரைக் கொளுத்தியது, அகப்பட்டவர்களைக் கொன்றார்கள். பிழைத்துக் கிடந்த மிச்சம் பேர் ஊர் திரும்பியது கி.மு. 405-404இல், ஸ்பார்ட்டாவின் லைசாண்டர் ஜெயித்த பிறகு.

மேலோஸ் தீவு கதை இன்னும் மோசம். கி.மு. 416-415 குளிர்காலத்தில் ஆண்களைக் கொன்று, பெண்களையும் குழந்தைகளையும் அடிமையாக விற்றுவிட்டு, பிற்பாடு 500 அப்பொய்கோய்களை அனுப்பினார்கள் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார். ஏகினாவுக்கு எப்பொய்கோய், மேலோஸுக்கு அப்பொய்கோய். இதில் நுணுக்கமான வித்தியாசம் இருக்கிறதா, சும்மா மாற்றி எழுதினாரா என்பதில் அறிஞர்களுக்குள் சண்டை. அகராதி அந்தச் சண்டையில் இறங்குவதில்லை. இறங்காததும் நல்லதுக்குத்தான்.

லெஸ்போஸுக்குப் போனவர்கள் வேறு ரகம். கி.மு. 427இல் மித்திலேனே கலகத்தை அடக்கிய பிறகு நிலத்தை 3,000 பங்காகப் போட்டு, 300 பங்கைத் தெய்வங்களுக்கு ஒதுக்கிவிட்டு, மிச்சத்துக்குச் சீட்டுப் போட்டு ஏதென்ஸ் ஆட்களை அனுப்பினார்கள். இவர்கள் ‘கிளேருக்கோய்’, பங்குக்காரர்கள். ஏதென்ஸ் குடியுரிமை போகாது. லெஸ்போஸ்காரர்களே அந்த நிலத்தை உழுது பங்குக்கு வருஷம் இரண்டு மினா (200 திராக்மா வெள்ளிக்காசு) குத்தகை கொடுத்தார்கள். சொந்த நிலத்துக்குக் குத்தகை!

‘மெத்தொய்கோஸ்’ பற்றி எல்லாரும் எழுதுகிறார்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். ஏதென்ஸில் வந்து தங்கிய வெளியூர்க்காரர். ஆணுக்கு வருஷத்துக்கு 12 திராக்மா தலைவரி, தனியாகப் பிழைக்கும் பெண்ணுக்கு 6. நிலம் வாங்க முடியாது, ஓட்டு கிடையாது, சண்டைக்கு மட்டும் வரவேண்டும். 431இல் மெகாரா மேல் படையெடுத்தபோது கனரகக் காலாட்களாக 3,000 மெத்தொய்கோய்க்குக் குறையாமல் போனதாகத் துக்கிடிடெஸ் சொல்கிறார். அரிஸ்டாட்டிலும் இந்த வகைதான்.

எங்கள் வகுப்புக்கு நெருக்கமான சொல் ‘பரொய்கோஸ்’. பக்கத்தில் குடியிருப்பவன்; ஊருக்குள் இருந்தாலும் ஊரைச் சேராதவன். எபிரெயர் நிருபம் 11ஆம் அதிகாரம் 9ஆம் வசனத்தில் ஆபிரகாமைப் பற்றிச் சொல்லும்போது பரொய்கோஸின் வினையும் கத்தொய்கோஸின் வினையும் ஒரே வாக்கியத்தில் வருகின்றன. நம் பழைய மொழிபெயர்ப்பு அதை எவ்வளவு அழகாகப் பிரித்திருக்கிறது பாருங்கள்: தேசத்திலே ‘பரதேசியைப்போலச் சஞ்சரித்து’, கூடாரங்களிலே ‘குடியிருந்தான்’. எபேசியர் 2:19இல் ‘அந்நியரும் பரதேசிகளுமாயிராமல்’ என்று தொடங்கி ‘தேவனுடைய வீட்டாருமாயிருந்து’ என்று வருகிறது. கிரேக்கத்தில் அந்தப் பரதேசிக்குள்ளும் வீட்டாருக்குள்ளும் இருப்பது ஒரே ஒய்கோஸ். தமிழில் அந்த ஒலி விளையாட்டு போய்விட்டது, பொருள் போகவில்லை. இப்போது பரதேசி என்றால் வசவு. வாசிக்கச் சொன்னால் பையனுக்குச் சிரிப்பு வருகிறது.

இந்தப் பரொய்கோஸிலிருந்து வந்த ‘பரொய்கியா’தான் லத்தீன் வழியாக ஐரோப்பிய மொழிகளில் திருச்சபையின் பங்கு ஆயிற்று, எங்கள் பக்கத்தில் சேகரம் என்கிறோமே அது. தாங்கள் இந்த உலகத்தில் வாடகைக்கு இருப்பவர்கள் என்று சொல்லிக்கொண்ட கூட்டத்தின் பெயர், எல்லைக்கோடு போட்ட நிர்வாகப் பிரிவின் பெயராயிற்று. பைசாந்தியப் பேரரசில் அதே பரொய்கோஸ் பண்ணைக்குக் கட்டுப்பட்ட குடியானவன். இன்றைய கிரேக்கர்கள் வெளிநாட்டில் வாழும் தங்கள் சமூகத்தை பரிக்கியா என்கிறார்கள். இப்போது உச்சரிப்பு அப்படி. கத்தொய்கோஸ் அங்கே இன்று ‘கத்திக்கோஸ்’, சாதாரணமாகக் குடியிருப்பவர், அவ்வளவுதான். படையும் இல்லை மானியமும் இல்லை. எப்பொய்கோஸ் மட்டும் இன்னும் சுடும். வடக்கு சைப்ரஸில் 1974க்குப் பிறகு வந்து அமர்ந்த துருக்கியர்களைக் கிரேக்க சைப்ரஸ்காரர்கள் அந்தச் சொல்லால்தான் குறிக்கிறார்கள். இந்த நவீனப் பொருள் எதுவும் எல்.எஸ்.ஜே.யில் வராது. அதன் எல்லை பழங்கிரேக்கம்.

சரி, காசு கொடுத்து வாங்குகிறவர்களுக்கு. எல்.எஸ்.ஜே. அச்சுப் புத்தகம் 2,000 பக்கத்துக்கு மேல், தூக்க இரண்டு கை வேண்டும். 1996ஆம் ஆண்டு பின்னிணைப்பும் சேர்த்துக் கட்டியதாக வாங்குங்கள். லொகேயோனில் இருப்பது 1940 பதிப்பின் பாடம்; திருத்தங்கள் அந்தப் பின்னிணைப்பில்தான். ஒவ்வொரு சொல்லையும் முன்னால் ஒரு முறை, பின்னால் ஒரு முறை என்று இரண்டு இடத்தில் பார்க்கவேண்டியிருப்பது தொல்லைதான். பழைய புத்தகமாக வாங்கினால் நேரில் போய்ப் புரட்டிப் பாருங்கள். எனக்கு ஒரு கடைக்காரர் பார்சலில் அனுப்பியதில் சிக்மா பகுதி ஈரம் பட்டு அப்பளக் கட்டாக ஒட்டிக்கொண்டிருந்தது. கேட்டதற்கு, படிக்கிற புத்தகம்தானே அம்மா, அப்படித்தான் இருக்கும் என்றார்.

1843இல் முதல் பதிப்பைப் போட்ட ஹென்றி லிடல், அற்புத உலகத்துக்குப் போன ஆலிஸுக்குப் பெயர் தந்த சிறுமியின் அப்பா. அதுவும் சுயமாக முளைத்ததில்லை; ஜெர்மானியர் ஃபிரான்ஸ் பாசோவின் அகராதியை அடியாக வைத்துக் கட்டியது. இந்தப் பரம்பரையைத் தெரிந்துகொண்டால் சில ஆங்கிலப் பொருள்கள் ஏன் விக்டோரியா காலத்து வாசனை அடிக்கின்றன என்று புரியும். அப்பொய்கோஸுக்கு ‘காலனிக்காரன்’ என்று போட்டவர்கள் மனதில் சிட்னியும் கேப்டவுனும் ஓடியிருக்கக்கூடும். அப்பொய்கோய்கள் போய் அமைத்த ஊரான கிரேக்க அப்பொய்கியா பெரும்பாலும் தனி நகரம். தாய் நகரத்தின் உத்தரவுக்குக் காத்திருக்காது, சில சமயம் சண்டைக்கே போகும். கொரிந்துவும் அதன் அப்பொய்கியாவான கெர்கிராவும் அடித்துக்கொண்டதுதான் பெலொப்பொன்னேசியப் போருக்கு ஒரு காரணம்.

2021இல் வந்த கேம்பிரிட்ஜ் கிரேக்க அகராதி இரண்டு தொகுதி. எழுத்து பெரிது, பொருள் விளக்கம் தெளிவு, சுருக்கெழுத்துக் காடு கிடையாது. கல்லூரி மாணவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வேன். ஆனால் பாப்பிரஸும் கல்வெட்டும் அதன் எல்லைக்கு வெளியே, புதிய ஏற்பாட்டில் சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும் மட்டும். எபிரெயர் நிருபம் வாசிக்கிற எங்களுக்கு அது காணாது.

தமிழில் இப்படி ஒன்று இல்லையே என்ற குறை எனக்கு உண்டு. சொல் பஞ்சம் ஒன்றும் நமக்கு இல்லை. சிலப்பதிகாரம் புகாரைப் பாடும்போது ‘யவனர் இருக்கை’ என்கிறது, அடுத்தாற்போலவே ‘புலம்பெயர் மாக்கள்’ கலந்து உறைவதைச் சொல்கிறது. கிரேக்க மொழி பேசியவர்களும் அடங்கிய ஒரு கூட்டத்தை நம் ஊர்த் துறைமுகத்தில் நின்று பார்த்தவர்கள் வைத்த பெயர்கள். மெத்தொய்கோஸுக்கு என் நோட்டில் ‘புலம்பெயர்ந்து உறைபவர்’ என்று எழுதியிருப்பது அங்கிருந்து எடுத்ததுதான். அப்பொய்கோஸுக்குப் ‘பிரிந்துபோன குடி’, எப்பொய்கோஸுக்கு ‘மேற்குடியேறி’. கடைசியில் சொன்னதில் எனக்கே திருப்தி இல்லை. மேல்குடி என்று படித்துவிடுகிறார்கள். வந்தேறி என்று போடலாம் என்றான் பையன். அந்தச் சொல்லில் இன்று வன்மம் ஏறிவிட்டது, வேண்டாம் என்றேன்.

நட்சத்திரம் கேட்டால் லொகேயோனுக்கு ஐந்துக்கு நாலரை. அரை குறைப்பது எழுத்தின் அளவுக்காக. என் வயதுக்காரர்கள் போனை விட்டுவிட்டு டேப்லெட்டில் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, எல்.எஸ்.ஜே.யின் சுருக்கெழுத்துப் பட்டியலை எங்காவது தேடிப் பிடித்து அச்செடுத்து அகராதி பார்க்கும் இடத்தில் ஒட்டிவிடுங்கள். எங்கள் வகுப்பில் அண்ணாச்சி அதைப் பழைய பின்கோடு புத்தகத்துக்கு அட்டை போடுவதுபோல லேமினேட் பண்ணிக் கொண்டுவந்தார். ஆளுக்கு ஒன்று, காசு வாங்கவில்லை.